யாருடைய முழங்கால்?

மழை நாளில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகள் எல்லாம் முழங்காலில்தான் தொடங்கும். "முழங்கால் அளவு தண்ணி, உடனே பம்பு அனுப்புங்க" என்று ஒரு தெருவிலிருந்து குரல் வரும். ரிசீவரை வைத்த கையோடு அடுத்த தெருவிலிருந்து இன்னொரு முழங்கால் வரும். தெற்கு கொல்கத்தாவில் தாழ்வான பகுதி ஒன்றைக் கவனிக்கும் உள்ளாட்சி அலுவலகம் அது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் கையில் சிலதான் உண்டு. முங்கும் தெருக்கள் அதைவிட எப்போதும் அதிகம். அழைப்பை எடுப்பவர் எழுதித் தரும் குறிப்பை வைத்துத்தான், எந்தத் தெருவுக்கு முதல் பம்பு என்று பொறியாளர் முடிவு செய்வார்.

அழைப்பை எடுப்பவர்கள் இரண்டு பேர். ஒரு அகலமான மேசை, நடுவில் தொலைபேசி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தீதி. தீதி என்றால் வங்காளத்தில் அக்கா, அலுவலகத்தில் வயதில் மூத்த பெண்கள் எல்லோருமே தீதிதான். ஆனாலும் வெறுமனே தீதி என்று யாராவது சொன்னால் அது இவரைத்தான் குறிக்கும். தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மழைக்காலமானால் தோளில் கைப்பையோடு ஒரு கம்சாத் துண்டு. நான் எழுத்தராகச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஓய்வு பெற்ற நாள் வரை என் எதிரே இருந்தவர் அவர்.

ஒரு ஆடி மாதம், முழங்கால் என்று சொன்ன ஒருவரிடம் தீதி, அண்ணா என்பதற்கு இங்கே சொல்லும் தாதாவையும் சேர்த்து, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"யாரோட முழங்கால், தாதா?"

அந்தப் பக்கம் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. தீதி அசரவில்லை. "கோபப்படாதீங்க. நீங்க நல்ல உசரம்னு குரல்லயே தெரியுது. உங்க முழங்கால் எங்க மேடத்துக்கு இடுப்பு. அதான் கேக்கறேன்" என்றார். எங்க மேடம் என்றது என்னை. நான் உயரம் குறைந்தவள். அந்த மனிதர் சிரித்துவிட்டாராம். பிறகு நிதானமாக விவரம் சொன்னார்.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் வங்காளத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். என் தமிழ் வீட்டுத் தமிழ். அப்பா பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இங்கேதான். சிறு வயதிலிருந்தே நாட்குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். அலுவலகத்தில் மேசை மேல் திறந்தே கிடந்தாலும் பாதகமில்லை என்பது ஒரு வசதி. "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கே, மதராஸி?" என்று தீதி எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கு மழை பெய்ததுன்னு எழுதியிருக்கேன்" என்பேன். பெரும்பாலும் அது உண்மை.

வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தீதி ஆரம்பித்த வழக்கம். வெள்ளிக்கிழமை டிபனுக்குப் பிறகு அரை மணி நேரம், பிரிவில் உள்ள எல்லோரும் எங்கள் மேசையைச் சுற்றி உட்காருவோம். அந்த வாரத்தில் தன் வேலையைச் சுலபமாக்கிய ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. சொல்ல ஒன்றும் இல்லாதவர் எல்லோருக்கும் பொரியும் சூடான பஜ்ஜி வகைகளும் வாங்கி வர வேண்டும். கணக்குப் பிரிவு தாதா ஒருவர் எந்த வாரமும் எதுவும் யோசித்ததில்லை. ஆனால் கடைத்தெருவிலேயே நல்ல கத்திரிக்காய் பஜ்ஜி எங்கே கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். "இவருக்கு மட்டும் ஒரு யோசனையும் வந்துடக் கூடாது, கடவுளே" என்று தீதி வேண்டிக்கொள்வார்.

அந்த அரை மணி நேரத்தில் வந்தவை பெரிய திட்டங்கள் அல்ல. பிறப்புச் சான்றிதழ் கவுண்டரில், எப்படி நிரப்புவது என்ற நீண்ட அறிவிப்பை எடுத்துவிட்டு, நிரப்பிய மாதிரி விண்ணப்பம் ஒன்றைக் கண் மட்டத்தில் தொங்கவிட்டது அப்படி வந்ததுதான். வரிசையில் நிற்பவர்கள் எங்களைக் கேட்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். குடிநீர் வராது என்கிற அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டாமல் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒட்டுவது இன்னொன்று. சாக்கடை மூடிகளை மழைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பது, பின்னால் ஒரே சுவர் தெரியும்படி. வெளி வேலைக்குப் போகும் பையில் சாக்பீஸ், அளவு நாடா, டார்ச், மாற்றுச் செருப்பு.

இவற்றில் பாதி, தீதி வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்தவை. பயிற்சிக்கென்று மேலிடத்திலிருந்து வந்த புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன. தீதி அவற்றையும் படித்தார். ஆனால் அவருடைய வழி வேறு. எங்கோ மாவட்டத்தில் ஒரு சின்ன நகராட்சி குப்பைப் பிரச்சினையைச் சமாளித்தது என்று பத்திரிகையில் மூன்று வரி வந்திருக்கும். மறுநாள் அந்த நகராட்சிக்கே போன் போட்டு, யார் அந்த வேலையைச் செய்தாரோ அவரைக் கூப்பிடச் சொல்வார். "வணக்கம், நானும் உங்களை மாதிரி ஒரு கிளார்க். எப்படிச் செஞ்சீங்கன்னு தெரிஞ்சுக்கணும்" என்பார். அவர்கள் பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். அதுவரை அவர்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு முன்பின் தெரியாத ஊர்களில் எல்லாம் தீதிக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். சிலர் துர்கா பூஜைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து போயிருக்கும்போது நான் எடுத்தால் அவர்கள் குரல் இறங்கிப்போகும்.

முழங்கால் பிரச்சினைக்கும் தீதிதான் வழி கண்டார். ஒருநாள் தண்ணீரில் சைக்கிள் ரிக்‌ஷாவில் அலுவலகம் வந்துகொண்டிருந்தபோது, வண்டிக்காரர் பாதியில் நிறுத்திவிட்டாராம். சக்கரத்தின் அச்சு முங்கிவிட்டால் அதற்கு மேல் மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தீதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். உட்காருவதற்கு முன்னால் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ரிக்‌ஷா எல்லாம் ஒரே உசரம்தானே?"

அந்த வெள்ளிக்கிழமை அது முடிவானது. அதற்குப் பிறகு முழங்கால், கணுக்கால், இடுப்பு எதையும் நாங்கள் எழுதவில்லை. உங்கள் தெருவில் ஒரு ரிக்‌ஷா நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் அச்சுக்குக் கீழேயா, அச்சு முங்கியதா, கால் வைக்கும் பலகையைத் தொட்டதா, இருக்கையைத் தொட்டதா என்று கேட்டோம். கிழவர்களும் குழந்தைகளும் கூடச் சரியாகச் சொன்னார்கள். பொறியாளர் முதலில் முகம் சுளித்தார். ஒரே மழையில் பம்புகள் சரியான தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவரே "அச்சா, பலகையா?" என்று எங்களைக் கேட்க ஆரம்பித்தார். தீதி தன் தொலைபேசி ஆட்களுக்கெல்லாம் அதைச் சொன்னார். எத்தனை ஊர்களில் அது புழங்கியது என்று எனக்குத் தெரியாது.

தீதி ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்றவருக்கு அந்த விதி இல்லை என்று நாங்கள் சொன்னாலும் கேட்கமாட்டார். யோசனை இல்லாத வாரம் கையில் பொரிப் பொட்டலத்தோடு வருவார். பிறகு ஒரு குளிர்காலத்தில் அவருடைய மகனுக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான். கணவரை இழந்த தீதி பெஹாலாவில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாகத்தான் இருந்தார். போகிற அன்று சாவியை என்னிடம் கொடுத்தார். "பூஜைக்கு வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை ஜன்னலை மட்டும் தொறந்து விடு."

அந்தப் பூஜைக்கு வரவில்லை. குழந்தை ரொம்பச் சின்னது. அடுத்த பூஜைக்கும் வரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழாயைக் கொஞ்சம் ஓடவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, காற்று வரும்வரை அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். "ஆள் இல்லாத வீட்டுக்கு வாராவாரம் விருந்தாளியா போற ஒரே ஆள் நீதாம்மா" என்பார் என் கணவர். ஆனால் மழை வலுத்தால், அங்கே ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று முதலில் கேட்பதும் அவர்தான்.

தீதி வாரம் ஒருமுறையாவது கூப்பிடுவார். சென்னையில் அவர் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் காய்கறிக்காரரிடமும். எனக்கே தெரியாத சொற்களை எடுத்துவிடுவார். நான் ஏதாவது தமிழில் சொன்னால் "இங்க யாரும் அப்படிப் பேசறதில்ல" என்று திருத்துவார். "இப்போ மதராஸி யாரு?" என்று நான் கேட்பேன். பொரி கிடைக்கிறது, கடுகெண்ணெய் ஊற்றிக் கலந்தால் மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள் என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். போனை வைத்த பிறகு நான் வெகு நேரம் எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், கணினியில் கெட்டிக்காரி. நான் அவளைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "என்ன தீதி?" என்றாள். இப்போது என்னையும் தீதி என்கிறார்கள்.

இந்த ஆண்டு கோடை முடியும்போது பயிற்சி மையத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. மாவட்டங்களின் சின்ன நகராட்சிகளில் வேலை செய்பவர்களை ஒருநாள் கூட்டி, நடைமுறையில் பலன் தந்த யோசனைகளை, அவற்றைச் செய்தவர்களைக் கொண்டே சொல்லவைக்கப் போகிறார்கள். ரிக்‌ஷா அளவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வந்து பேச வேண்டுமாம். இருவர் சேர்ந்து செய்தது, இருவராகத்தான் வருவோம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

தீதியிடம் சொன்னேன். "மேடையில எனக்கும் நாற்காலி உண்டா?" என்றார். அன்று சாயங்காலமே மகன் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு மேடை ஒரு பொருட்டே இல்லை. ஆஷாட மாதத்தில், அதாவது நம் ஆனியில் வந்தால், பூஜைக்கு அவ்வளவு நாள் இல்லை. வந்தவரைப் பூஜை வரை இருக்கவைக்கலாம். பூஜை வரை இருந்துவிட்டால் பிறகு குளிர்காலம், கொல்கத்தாவை விட்டுப் போக யாருக்கும் மனம் வராத காலம். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போனேன். ஒழுங்காகத் திட்டமிடுகிறவர்களுக்கு வரும் வியாதி இது.

ஃபிளாட்டைத் தயார் செய்தேன். மெத்தையைக் காயவைத்தேன். ஃபிரிட்ஜைத் துடைத்தேன். அரிசி டப்பாவைக் கழுவி நிரப்பினேன். அவர் போகும்போதே காஸ் தீரும் நிலையில் இருந்தது. அதற்கும் பதிவு செய்தேன்.

அதற்கு இடையில்தான் அந்த மழை. காலையில் ஆரம்பித்தது மதியத்துக்கும் விடவில்லை. அழைப்புகளைப் புதிய பெண்ணும் நானும் மாறி மாறி எடுத்தோம். அவள் எங்கள் வழக்கப்படியே கேட்டாள், ஒழுங்காகவே எழுதினாள். ஒரு தெருவில் அச்சு முங்கிவிட்டது என்றார்கள். இன்னொரு தெருவில் அச்சுக்குச் சற்றுக் கீழே என்றார்கள். பம்பு முதல் தெருவுக்குப் போனது. சாயங்காலம் பார்த்தால், முதல் தெருவில் தண்ணீர் வாசற்படியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. இரண்டாவது தெருவில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, நடக்க முடியாத ஒரு முதியவரை நாள் முழுக்க மேசை மேல் உட்காரவைத்திருந்தார்கள்.

காரணம் விளங்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. முதல் தெருவில் சைக்கிள் ரிக்‌ஷாவே இப்போது இல்லை. எல்லாம் பேட்டரியில் ஓடும் ரிக்‌ஷாக்கள், டோட்டோக்கள். டோட்டோவின் சக்கரம் சின்னது, அச்சு தாழ்வு. அங்கே ஒருவர் அச்சு என்றால் அது டோட்டோவின் அச்சு. ரிக்‌ஷா இன்னும் ஓடும் தெருவில் அச்சு என்றால் அது வேறு உயரம். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தெருவில் வண்டிகள் மாறியதை நாங்கள் தினமும் பார்த்தோம், அவற்றில் ஏறித்தான் வந்தோம். கேள்வியை மட்டும் மாற்றவில்லை. தீதி இருந்திருந்தால் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை இது மேசைக்கு வந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீதியின் சமையலறையில் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டேன். மேடையில் சொல்லப்போகும் யோசனையே செத்துவிட்டது என்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நான் கெளம்பறப்போ டோட்டோ அங்கொண்ணு இங்கொண்ணுதான் ஓடிட்டிருந்தது" என்றார். அந்த முதியவர் எப்படி இருக்கிறார் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு இருவரும் பழையபடி யோசிக்க ஆரம்பித்தோம். விளக்குக் கம்பம்? தெருவுக்குத் தெரு வேறு. குழாயடி? பாதி இடத்தில் இல்லை. ஸ்கூட்டர்? ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

அப்போது காஸ்காரர் வந்தார். படியேறி வந்த களைப்பில் சிலிண்டரைத் தரையில் தொம்மென்று வைத்தார்.

"என்ன சத்தம்?" என்றார் தீதி.

"உங்க சிலிண்டர் வந்திருக்கு."

அந்தப் பக்கம் அவர் எழுந்து எங்கோ நடப்பது கேட்டது, பின்னாலேயே குழந்தையின் குரலும்.

"ஷோனோ," என்றார் தீதி. இதைக் கேள் என்று அர்த்தம். பெரிய யோசனை வரும்போதெல்லாம் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். "இங்க எங்க சமையல்கட்டுலயும் ஒண்ணு நிக்குது. அதே செவப்பு, அதே உசரம். அடியில வளையம், நடுவுல வெல்டிங் பண்ணின கோடு, மேல கைப்பிடி. எந்தத் தெருவுல போய்க் கேட்டாலும் மாறாது. தெருவுல எவ்வளவு தண்ணின்னு எதுக்குக் கேக்கணும்? சமையல்கட்டுல எவ்வளவுன்னு கேளு. பம்பு ரோட்டுக்கா, வீட்டுல இருக்கற மனுஷனுக்கா?"

நான் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமும் நாங்கள் கேட்டதெல்லாம் தெருவைப் பற்றித்தான். காஸ்காரர் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். போட்டு அனுப்பினேன். எனக்கு வந்த சந்தோஷத்தில், இதை நீங்களே மேடையில் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் சிலிண்டர் மாதிரி நிற்கிறேன், உயரமும் சரியாகத்தான் இருக்கும் என்று என்னவோ பேசிக்கொண்டே போனேன். தீதி சிரிக்கவில்லை.

"சிலிண்டரை எதுக்குடி வாங்கினே?"

"நீங்க வரப்போறீங்களே."

"நான் வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருமகளுக்கு ஆபீஸ் தொறந்தாச்சு. வீட்லேர்ந்து வேலை பாக்கறது இனிமே கெடையாதாம். குழந்தையை யாருகிட்ட விடறது? டிக்கெட்டை முந்தாநாளே ரத்து பண்ணியாச்சு. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"பூஜைக்கு?"

"ஃபிளாட்டை வித்துடலாம்னு பையன் சொல்றான். பூட்டிவெச்சு என்ன பண்றதுன்னு கேக்கறான். அவன் கேக்கறதும் நியாயந்தான்."

ஜன்னல்களைச் சாத்திவிட்டு வெளியே வந்து, சாவியைப் பூட்டில் திருப்பினேன். அன்றைய நாட்குறிப்பில், சிலிண்டர் வந்தது, சீல் சரியாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பயிற்சி நாளன்று எங்கள் வீட்டுக் காலி சிலிண்டரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனேன். தூக்கிக்கொண்டு வந்தவர் என் கணவர். "காஸ் போட வந்தவன்னு நெனச்சு வாட்ச்மேன் சல்யூட்கூட அடிக்கல" என்று அலுத்துக்கொண்டார். மேடையில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துவிடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

ரிக்‌ஷா அளவு எப்படி வந்தது, எப்படிப் பலித்தது, எப்படித் தோற்றது என்று வரிசையாகச் சொன்னேன். தோற்றதைச் சொல்லும்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு சிலிண்டர் மேல் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு, சாக்பீஸால் வளையம், நடுக்கோடு, கைப்பிடி மூன்றையும் காட்டினேன். கடைசி வரிசையில், ஆற்றங்கரை நகராட்சி ஒன்றிலிருந்து வந்த பெண் எழுந்தாள்.

"தீதி, காலி சிலிண்டர் மிதக்குமே."

அறை முழுக்கச் சிரித்தது. நான் அதை யோசிக்கவே இல்லை. யோசிக்கவில்லை என்றே சொன்னேன். அவள் உட்காரவில்லை. "தப்புன்னு சொல்லல. மிதக்க ஆரம்பிச்சா அதுவும் ஒரு அளவுதானே? அப்போ பம்பு அனுப்பிப் பிரயோசனம் இல்ல. படகு அனுப்பணும்."

நான் சட்டென்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். இதைக் கேட்டதும் தீதியின் முகம் எப்படி ஆகும் என்று பார்க்கத்தான் திரும்பினேன். நாற்காலியின் முதுகில் என் துண்டு கிடந்தது. திரும்பி, அந்தப் பெண் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினேன். எழுத வேண்டியதைவிட மெதுவாக எழுதினேன்.

யார் கண்டுபிடித்தது என்று தேநீர் நேரத்தில் கேட்டார்கள். எதிர் நாற்காலிக்காரர், இப்போது சென்னையில் இருக்கிறார் என்றேன். அவருடைய எண் வேண்டும் என்றார்கள். தீதியைக் கேட்டுவிட்டு, அன்று மாலை அனுப்பிவைத்தேன். அதோடு எனக்கு ஒரு கஷ்டம் வந்தது. முன்பெல்லாம் கூப்பிட்டவுடன் எடுப்பவர், இப்போது எப்போது பார்த்தாலும் வேறு அழைப்பில் இருந்தார். கொசு மருந்து அடிப்பவர்களுக்கு வீட்டில் கதவைத் திறக்கவைப்பது எப்படி, வரி பாக்கி அறிவிப்பை மக்கள் கிழிக்காமல் படிக்கவைப்பது எப்படி என்று எங்கெங்கிருந்தோ கேட்கிறார்களாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறாராம். தெரியாததை இன்னொரு ஊர்க்காரரிடம் கேட்டுச் சொல்கிறாராம். சென்னையிலிருந்தபடியே வங்காளத்தின் மூலை முடுக்கையெல்லாம் முடிச்சுப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஓயாத "வேறு அழைப்பில் உள்ளார்" என்ற குரல் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

பூஜை முடிந்து, ஃபிளாட்டைக் கைமாற்ற மகன் ஒருநாள் மட்டும் வந்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தீதி வரவில்லை. அவன் ஒவ்வொரு அறையையும் அம்மாவுக்காகப் படம் பிடித்துக்கொண்டான். நான் சாவியைக் கொடுத்தேன். சீல் உடைக்காத சிலிண்டர் சமையலறையில் அப்படியே நின்றது. அதை என்ன செய்வது என்று அங்கிருந்தே தீதியைக் கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அவளுக்குத்தான். அவ வாங்கினது. எடுத்துட்டுப் போய் எரிக்கச் சொல்லு. காலியை மட்டும் காஸ் கம்பெனிக்குத் திருப்பணும்."

டோட்டோவில்தான் கொண்டுவந்தோம். இரண்டு சந்து தூரம் சிலிண்டர் நடுவில், இந்தப் பக்கம் என் கணவர், அந்தப் பக்கம் நான். எங்கள் வீட்டு சிலிண்டர் தீர்ந்ததும் அதை மாட்டினார். சீலைப் பிய்க்கும்போது என்னைப் பார்த்தார். நான் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் சென்னையில் நல்ல மழை என்று செய்தியில் சொன்னார்கள். தீதி இருப்பது வேளச்சேரிப் பக்கம், தரைத்தளம். காலையிலிருந்து கூப்பிட்டேன். வேறு அழைப்பு, வேறு அழைப்பு, பிறகு தொடர்பே இல்லை. கணவர் டிபனைத் தட்டில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். கடைசியில் தீதியே கூப்பிட்டார். அந்த அவசரத்திலோ என்னவோ, தமிழில் பேசினார்.

"அடி வளையம் முழுகிடுச்சு. நடுக்கோட்டுக்கு இன்னும் வரல."

"சிலிண்டர் ஃபுல்லா, காலியா?" என்றேன். எந்த அழைப்பாக இருந்தாலும் இப்போது நாங்கள் அடுத்துக் கேட்பது அதுதான்.

"நேத்துதான் மாட்டினோம். மிதக்காது."

"குழந்தை?"

"கட்டில் மேல. நௌகா, நௌகாங்கறான். படகு வேணுமாம் அவனுக்கு." மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னும் சற்று நேரத்தில் மேலே போய்விடுவோம் என்று சொன்னார்.

"அங்க ஆபீஸுக்கு போன் பண்ணினீங்களா?"

"பண்ணினேன். முழங்கால் அளவான்னு கேட்டான்."

"நீங்க?"

"யாரோட முழங்கால்னு கேட்டேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எங்கள் அலுவலகத்தின் பம்புகள் எல்லாம் கொட்டகையில் காய்ந்து நிற்கின்றன. இங்கே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. அங்கே அனுப்ப என்னிடம் ஒன்றுமே இல்லை. தீதி கேட்டார், இம்முறை வங்காளத்தில்.

"என் காஸ் இன்னும் வருதா?"

சமையலறைக்குப் போனேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சிலிண்டரைக் கைப்பிடியில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே கனம் இருந்தது.

"வருது தீதி," என்றேன். "இன்னும் இருக்கு."